பத்தொன்பதாவது அகப்பை

அன்புள்ள மகனுக்கு அம்மா எழுதுவது. நீயும் கவிதாவும் நல்லபடியாக இருப்பீர்கள் என்று நினைத்துக்கொள்கிறேன். எனக்கு ஒரு குறையும் இல்லை என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், கை வரவில்லை. மூன்றாம் வகுப்போடு நின்ற எழுத்து, உனக்கே தெரியும். நிறுத்தி நிறுத்திப் படி. தாள் வாங்கக் கடைக்குப் போகவில்லை. அச்சாபீஸில் கழித்துப் போட்ட காலண்டர் தாள் வீட்டில் கிடந்தது, அதன் பின்பக்கத்தில் எழுதுகிறேன். நான்கு நாளாகக் கொஞ்சம் கொஞ்சமாக எழுதுவதால் எழுத்து ஒரே மாதிரி இருக்காது. கவிதா பக்கத்தில் இருந்தால் இதை இப்போதே அவளிடம் படித்துக் காட்டிவிடாதே. முதலில் நீ ஒருவனாக உட்கார்ந்து கடைசி வரைக்கும் படித்துவிடு.

திங்கட்கிழமை காலையில் பக்கத்து வீட்டு முத்துலட்சுமி மதினியின் போனில் இருந்து உன்னோடு பேசினேன் அல்லவா, அப்போது நான் சொன்னது உனக்குப் பைத்தியக்காரத்தனமாகப் பட்டிருக்கும். "அந்த அகப்பையில இனிமே சமைக்க வேண்டாம்யா. ஒரு துணியில சுத்தி எட்ட வையி" என்றேன். நீ சிரித்தாய். "ஒரு கட்டைக்கா இம்புட்டு? அவகிட்ட அன்னிக்கு அப்படி நடந்துக்கிட்டீங்க, அவளுக்கு மனசு ஆறட்டும்னு ஒண்ணே ஒண்ணு எடுத்து பையில போட்டேன். அப்பா ஞாபகத்துக்கு. அதையும் திருப்பிக் கேக்குறீங்களாம்மா?" என்றாய். நான் திருப்பிக் கேட்கவில்லை என்று சொல்ல வாய் வரவில்லை. மதினி என் தோளுக்குப் பக்கத்திலேயே நின்றாள். அவள் காதுபடச் சொல்லக்கூடாத காரணம் அது. "ஏன்னு கேக்காத, கடுதாசி போடுறேன்" என்று மட்டும் சொல்லி போனைக் கொடுத்துவிட்டேன். வைப்பதற்கு முன்னால் நீ ஒன்று சொன்னாய். "எல்லாத்துலயும் அதுதான்மா வழவழன்னு இருந்துச்சு. அவ அன்னிக்கே அதத்தான் தடவித் தடவிப் பாத்துக்கிட்டு இருந்தா" என்றாய். அதைக் கேட்டதில் இருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

உன் அப்பாவின் பதினாறாம் நாளன்று நடந்ததை நான் மறுக்கவில்லை. சாப்பாடு முடிந்து சொந்தக்காரர்கள் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்கள். கவிதா தண்ணீர் எடுக்க அடுப்படிக்குள் போனவள், சுவரில் மரமுளை அடித்து வரிசையாக மாட்டியிருந்த அகப்பைகளைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றுவிட்டாள். சாண் அளவில் ஆரம்பித்து முழம் தாண்டிப் போகும் வரிசை. ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டே வந்தாள். "அத்தைங்க, இது செட்டாவே இருக்குதுங்களே! எங்க ஊருல கண்காட்சி போட்டா இந்த மாதிரி ஒண்ணு வாங்கறதுக்கு ஆளுக அடிச்சுக்குவாங்க. எங்க வீட்டுல எல்லாம் நான்ஸ்டிக்குங்க, சில்வர் கரண்டி பட்டா கீறிப் போயிருது. நான் எடுத்துக்கட்டுங்களா?" என்று கேட்டாள். பாவம், ஆசையாகத்தான் கேட்டாள். கேட்டுக்கொண்டே அந்தச் சாண் அகப்பையை எடுத்துத் தன் வயிற்றோடு வைத்து, "இது பாப்பா சோறு பொங்கி விளையாடறதுக்கு" என்று சிரித்தாள்.

நான் பாய்ந்து பிடுங்கினேன். "வையி கீழ! அதத் தொடாத!" என்று கத்தினேன். ஐந்து மாதப் பிள்ளைத்தாய்ச்சியின் மணிக்கட்டில் என் நகம் கீறி ரத்தம் துளிர்த்தது. உன் அத்தை வெளியே இருந்தபடியே, "அண்ணன் போயி மாசம் ஆகல, மதினி மாமியார் வேலைய ஆரம்பிச்சுட்டாக" என்று கேலி பேசினாள். எல்லோரும் சிரித்தார்கள். நீ பேச்சை மாற்றுவதற்காக, சின்ன வயதில் இருந்தே சொல்கிற அந்தக் கதையை எடுத்தாய். "எங்கப்பா அடுப்புலயே பச்சை மத்தாப்பு விடுவாரு தெரியுமா கவி? நான் கண்ணால பாத்திருக்கேன்" என்றாய். நான் எழுந்து கொல்லைப் பக்கம் போய்விட்டேன். அப்பா ஞாபகம் வந்து அழுகிறேன் என்று எல்லோரும் நினைத்தார்கள். நான் அங்கே அழவில்லை. காறிக் காறித் துப்பிக்கொண்டிருந்தேன்.

அந்தப் பச்சை மத்தாப்பைப் பற்றித்தான் இப்போது சொல்லப் போகிறேன். உனக்கு இருக்கிற நல்ல ஞாபகத்தில் ஒன்றை எடுத்துக்கொள்ளப் போகிறேன், அம்மாவை மன்னித்துக்கொள்.

உன் அப்பா பட்டாசுக் கம்பெனியில் வெடிமருந்து கலக்கும் அறையில் இருந்தவர். அந்த அறைக்குள் இரும்பு போகக்கூடாது. ஊக்கு, ஹேர்பின், கொலுசு, அரைஞாண் கயிற்றில் கோத்த சாவி, எல்லாவற்றையும் வாசலில் கழற்றி வைத்துவிட்டுத்தான் போக வேண்டும். இரும்போடு இரும்பு உரசி ஒரு பொறி விழுந்தால் ஆளுக்கு ஆள் அடையாளம் தெரியாது. அதனால் உள்ளே எல்லாம் மரமும் பித்தளையும்தான். மருந்தைக் கிளறுகிற துடுப்பை உன் அப்பா தானே செய்துகொள்வார். பூவரசங் கட்டை எடுத்து, வீட்டில் உளியால் செதுக்கி, உடைந்த கண்ணாடித் துண்டால் இழைத்து, ஒரு சிலும்பு இல்லாமல் ஆக்கிக் கொண்டுபோவார். கம்பெனித் துடுப்பு செய்து மிஞ்சிய கட்டையில் எனக்கு அகப்பை செய்து தருவார். கல்யாணமான புதிதில் என் வீட்டுச் சீராக வந்த இரும்புக் கரண்டிகளை எல்லாம் பரணில் ஏற்றச் சொல்லிவிட்டார். "காலைல இருந்து சாயந்தரம் வரைக்கும் எங்க டங்குன்னு சத்தம் கேக்குமோன்னு பயந்துக்கிட்டே இருக்கேன். வீட்டுக்கு வந்தும் நீ டங்கு டங்குன்னு பாத்திரத்துல தட்டுனா எனக்குக் குலை நடுங்குதுத்தா" என்றார். அதனால் நம் வீட்டு அடுப்படியில் சத்தம் இருக்காது. மண்சட்டியும் மர அகப்பையும்தான். முத்துலட்சுமி மதினி, "உங்க வீட்டுல அடுப்பு எரியுதா இல்லையான்னு பொகையப் பாத்துத்தான் கண்டுபுடிக்கணும் போல" என்பாள்.

மர அகப்பையில் சமைத்துப் பழகியவளுக்கு வேறு எதுவும் கைக்கு ஒத்துவராது. கவிதா ஆசைப்பட்டதில் தப்பே இல்லை. கொதிக்கிற கூழில் ஒரு நாழிகை கிடந்தாலும் காம்பு சுடாது. சட்டியின் அடியைத் தொட்டதும் பிடித்திருக்கிறதா இல்லையா என்று கைக்குச் சொல்லிவிடும். புளிக்குக் களிம்பு ஏறாது. ஒரு வருஷம் போனால் உன் பிடிக்குத் தக்கபடி காம்பில் பள்ளம் விழுந்து, வேறு ஆள் எடுத்தால் அவர்களுக்கு இடறும். இரும்பும் சில்வரும் தேய்ந்தால் அசிங்கமாகத் தெரியும். மரம் தேயத் தேய அழகாகும். அந்த அழகைத்தான் நான் நம்பினேன். ஒன்று வழவழவென்று இருந்தால் அது சுத்தமாகத்தான் இருக்கும் என்று நினைத்துவிட்டேன்.

நீ ஐந்து வயதில் இருந்தாய். உன் தங்கச்சி மாரிக்கு இரண்டு முடிந்து மூன்றாவது நடந்தது. அவளை உனக்கு எம்புட்டு ஞாபகம் இருக்கிறது என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை. சீக்கு வந்து செத்துப்போனாள் என்று மட்டும் உனக்குச் சொல்லியிருக்கிறோம். அந்த வருஷம் ஆயுத பூசைக்குக் கம்பெனியில் எப்போதும்போலத் துடுப்பு, தட்டு, சல்லடை எல்லாம் கழுவிச் சந்தனம் குங்குமம் வைத்துப் படைத்தார்கள். தேய்ந்த துடுப்புக்குப் பதிலாகப் பூசை முடிந்த மறுநாள் புதுத் துடுப்பு உள்ளே போகும். பழையதைக் கம்பெனிக்கு வெளியே குழியில் போட்டு எரித்துவிடுவது வழக்கம். உன் அப்பாவுக்கு அது மனசு கேட்காது. மூன்று வருஷம் கையில் இருந்த சாமான், சந்தனம் வைத்துக் கும்பிட்டது, அதை எப்படி எரிப்பது என்று சாக்கில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்து ஓட்டுச் சரிவில் செருகி வைத்தார். கண்மாயில் தண்ணீர் வந்ததும் விட்டுவிடலாம் என்பது அவர் எண்ணம். அதை அவர் என்னிடம் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

ஐப்பசியில் என் கூழ் அகப்பை விரிசல் விட்டது. தீபாவளி சீசன், அவர் இருட்டோடு போய் இருட்டோடு வருகிறார், புதிதாகச் செய்யச் சொல்ல வாய் வரவில்லை. ஓட்டில் செருகியிருந்த சாக்கைப் பிரித்துப் பார்த்தேன். அய்யா, அப்படி ஒரு அழகான மரத்தை நான் அதுவரை தொட்டதில்லை. மாவு மாதிரி மருந்து மூன்று வருஷமாக உரசி உரசி, அந்தத் துடுப்பு தந்தம்போல இருந்தது. விரல் வைத்தால் வழுக்கிக்கொண்டு போனது. நுனியில் சந்தனம் காய்ந்திருந்தது. சாமிக்கு வைத்த சாமான், இரும்பு படாத சாமான், நம் வீட்டு அடுப்படிக்கு இதைவிடப் பொருத்தமானது எது என்று நினைத்தேன். வெந்நீரில் மூன்று தரம் கழுவினேன், சாம்பல் போட்டுத் தேய்த்தேன். அன்றைக்கே அதில் கம்மங்கூழ் கிண்டினேன்.

நாம் எல்லோரும் அந்தக் கூழைத்தான் குடித்தோம். நீ குடித்தாய், நான் குடித்தேன், அப்பா குடித்தார். ஆனால் மாரிக்கு ஒரு பழக்கம் இருந்தது. கூழ் இறக்கியதும் அகப்பையை அவள் கையில் கொடுத்துவிட வேண்டும், அதில் ஒட்டியிருப்பதை நக்கிவிட்டு வெறும் கட்டையைச் சப்பிக்கொண்டே திரிவாள். கொடுத்தால் அழ மாட்டாள். எனக்கு வீட்டில் இருந்தே தீப்பெட்டி ஒட்டுகிற வேலை, ஒரு நாளைக்கு இத்தனை கட்டு என்று கணக்கு. பிள்ளை அழாமல் இருந்தால் எனக்கு வேலை ஓடும். அதனால் அவள் கேட்காதபோதும் நானே எடுத்துக் கொடுத்தேன். இதை எழுதத்தான் நான்கு நாள் ஆனது. நானே என் கையால் எடுத்துக் கொடுத்தேன்.

கார்த்திகை கடைசியில் அவளுக்கு வாந்தி கண்டது. பேதியும் சேர்ந்துகொண்டது. மூன்றாம் நாள் தூக்கி நிறுத்தினால் கால் துணிபோல மடங்கியது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். பேதி என்றார்கள், அந்த மழைக்கு நம் தெருவில் நாலைந்து பிள்ளைகளுக்குப் பேதி இருந்ததும் உண்மை. மற்றப் பிள்ளைகள் எழுந்துவிட்டன. நம் பிள்ளை எழவில்லை. ஆஸ்பத்திரியில் இருந்த நேரத்திலும் அகப்பையைக் கேட்டு அழுதாள், "பப்பை, பப்பை" என்று. வீட்டில் இருந்து எடுத்துவரச் சொல்லி ஆள் அனுப்பினேன். அது வந்து சேர்ந்தது. அவள் கையில் அதுதான் இருந்தது, போகும்போது.

அதற்குப் பிறகு ஒரு மாதம் இருக்கும். விளக்கு வைக்கிற நேரம். நான் மறுபடியும் அந்தத் துடுப்பில்தான் கூழ் கிண்டிக்கொண்டிருந்தேன். எனக்கு ஒன்றும் தெரியாதே. பிள்ளை கை பட்டது என்று அதை இன்னும் பத்திரமாக வைத்துக்கொண்டிருந்தேன். உன் அப்பா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார், நீ அவர் மடியில். சட்டியை இறக்குவதற்காகத் துடுப்பை அடுப்பு ஓரமாகச் சாய்த்து வைத்தேன். நுனி தீயில் பட்டது. பட்டதும் அந்த நுனியைச் சுற்றிப் பச்சையாக ஒரு சுடர் எழுந்தது. வாழைக்குருத்து மாதிரி ஒரு பச்சை. சத்தமே இல்லை. சுவர் பச்சையானது, சட்டி பச்சையானது, உன் முகம் பச்சையானது. நீ கையைத் தட்டிக்கொண்டு, "அம்மா, மத்தாப்பு! அப்பா, இன்னொருக்க!" என்று குதித்தாய்.

உன் அப்பா குதிக்கவில்லை. மருந்து அறைக்காரருக்கு அந்த நிறம் என்ன உப்பில் வரும் என்று தெரியும். பார்க்க நம் சமையல் உப்பு மாதிரி வெள்ளையாகத்தான் இருக்கும், எரிந்தால்தான் பச்சை. வயிற்றுக்குள் போகக்கூடாது என்று அவர்களுக்குச் சொல்லியிருக்கிறார்கள், கையைக் கழுவாமல் அவர்கள் பீடியைக்கூடத் தொடமாட்டார்கள். அவர் எழுந்து வந்து துடுப்பை எடுத்துத் தண்ணீர்ப் பானையில் முக்கினார். புகை வந்தது. "இத எப்ப எடுத்த?" என்று கேட்டார். "ஆயுத பூசை கழிச்சு, ஐப்பசியில. ஏன்? என்ன ஆச்சுன்னு சொல்லுங்க" என்றேன். அவர் பானைத் தண்ணீரைத் தெருவில் கொட்டினார், அடுப்பில் இருந்த கூழைக் கொட்டினார், துடுப்பை எடுத்துக்கொண்டு கொல்லைப் பக்கம் போனார். திரும்பி வந்தபோது கையில் மண் இருந்தது. புதைத்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன். எனக்கு எல்லாம் அப்போதுதான் மெல்ல மெல்லப் புரிந்தது. அந்த ஒரு கேள்வியைத் தவிர இருபத்திரண்டு வருஷத்தில் அவர் என்னை வேறு எதுவும் கேட்கவில்லை. ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருக்கலாம். நீங்கள்தானே கொண்டுவந்து வைத்தீர்கள் என்று நானும் சண்டைக்குப் போயிருக்கலாம். இரண்டு பேரும் ஒரே பாயில் படுத்து, ஒரே சட்டியில் தின்று, இதை மட்டும் பேசாமலே இருந்துவிட்டோம். நீ உன் பெண்டாட்டியிடம் அப்படி இருந்துவிடாதே. பேசினால் அன்றைக்கு வலிக்கும். பேசாமல் விட்டால் அது வீட்டுக்குள் ஒரு ஆள் மாதிரி வளர ஆரம்பித்துவிடும்.

வளர்ந்தது என்று சும்மா பேச்சுக்குச் சொல்லவில்லை. அடுத்த ஆயுத பூசை அன்று உன் அப்பா கொல்லையில் உட்கார்ந்து ஒரு அகப்பை செதுக்கினார். சாண் நீளம். அந்த நேரம் முத்துலட்சுமி மதினியின் மகள் காளீஸ்வரி விளையாட வந்தாள். அவளும் மாரியும் ஒரே மாதத்தில் பிறந்தவர்கள். "இந்தா தாயி, புடிச்சுப் பாரு" என்று காம்பை அவள் கையில் கொடுத்தார். அவள் விரல் எங்கே முடிகிறது என்று கரியால் கோடு போட்டு, அந்த அளவுக்கு இழைத்து முளையில் மாட்டினார். மறு வருஷம் மறுபடியும் காளீஸ்வரியைக் கூப்பிட்டார், காம்பு ஒரு விரல் கூடியது. அதற்கு மறு வருஷமும் அப்படித்தான். யாருக்கு என்று நான் கேட்கவில்லை. அவள் இருந்தால் இந்த வருஷம் கை இம்புட்டு இருக்கும் என்று அவர் அளந்துகொண்டிருந்தார். நீ பக்கத்தில் உட்கார்ந்து பம்பரம் செய்து தரச் சொல்லி நச்சரிப்பாய், அதையும் செய்து தருவார். சமைப்பதற்கு எனக்குத் தனியாகச் செய்து தந்தார். சுவரில் இருந்தவற்றில் நாங்கள் ஒரு நாளும் சமைத்தது கிடையாது.

காளீஸ்வரிக்கு எட்டோ ஒன்பதோ ஆனபோது ஒரு நாள் அழுதுகொண்டு வீட்டுக்கு ஓடினாள். கொஞ்ச நேரத்தில் மதினி வந்தாள். வந்தவள் உள்ளே வரவில்லை, படியிலேயே நின்றாள். "அண்ணே, உங்க வருத்தம் எனக்குப் புரியுது. நீங்க எம்புள்ளைய மாரின்னு கூப்பிட்டுக் கையப் புடிக்கிறீகளாம். அவ ராத்திரியெல்லாம் பயந்து ஒளறுறா. எம்புள்ளைய விட்டுருங்கண்ணே" என்றாள். அவர் தலையைக் குனிந்துகொண்டார். அதற்குப் பிறகு அவளைக் கூப்பிடவில்லை. ஆனால் அவள் குழாயடியில் குடம் தூக்கும்போது வாசலில் நின்று அவள் கையையே பார்த்துக்கொண்டிருப்பார். அந்த வருஷ அகப்பை அளவு தப்பாமல்தான் வந்தது. காளீஸ்வரிக்கு இருபது வயதில் கல்யாணம் ஆனது. போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தவர், செதுக்கி வைத்திருந்ததை மாட்டிவிட்டு, "போதும். இனி அவ வீட்டுக்காரன் வாங்கிக் குடுக்கட்டும்" என்றார். காளீஸ்வரியைச் சொன்னாரா நம் பிள்ளையைச் சொன்னாரா என்று எனக்குத் தெரியாது. அன்றோடு நிறுத்திவிட்டார். இப்போது புரிகிறதா, மதினி பக்கத்தில் நிற்கும்போது போனில் ஏன் வாயைத் திறக்கவில்லை என்று?

இனிச் சொல்லப் போவதைக் கவனமாகப் படி. அப்பா படுத்த படுக்கையான பிறகு, நெஞ்சு இழுத்துக்கொண்டிருந்தபோதும், காலையில் கண் முழித்ததும் ஒன்றே ஒன்று கேட்பார். "எத்தன இருக்கு?" சுவரைக் காட்டுவார். அதுவரை நான் எண்ணியதே இல்லை. முதல் நாள் எண்ணி, "பத்தொம்பது" என்றேன். "நான் செஞ்சது பதினெட்டுதானத்தா. நல்லா எண்ணு" என்றார். நல்லா எண்ணினேன். பத்தொன்பதுதான். மறுநாளும் கேட்டார், மறுநாளும் அதே பதில். காய்ச்சலில் கணக்குத் தப்புகிறது என்று நினைத்து விரல் விட்டு வருஷத்தை எண்ணிப் பார்த்தேன். மூன்று வயசில் இருந்து இருபது வயசு வரைக்கும் பதினெட்டுதான் வருகிறது. சாவதற்கு இரண்டு நாள் முன்னால், "பத்தொம்பது" என்று நான் சொன்னதும் அவர் முகம் தெளிந்துவிட்டது. "அப்பன்னா ஒண்ணு அவ செஞ்சிருப்பா" என்றார். அதற்குப் பிறகு அவர் கேட்கவில்லை.

நீங்கள் கோயம்புத்தூர் போன பிறகு ஒரு முளை காலியாக இருப்பதைப் பார்த்தேன். நீதான் எடுத்திருப்பாய் என்று தெரிந்தது. அப்போதுதான் எனக்கு அந்த எண்ணம் வந்தது. ஒருவேளை அவர் அந்தத் துடுப்பைப் புதைக்கவில்லையோ? கருகிய நுனியை வெட்டிவிட்டு, மிச்சத்தை அகப்பையாகச் செதுக்கி இவற்றோடு மாட்டிவிட்டு, பிறகு தானே மறந்துவிட்டாரோ? பிள்ளை கடைசியாகப் பிடித்திருந்த கட்டையை மண்ணில் போட அவருக்குக் கை வந்திருக்காது. ஞாயிற்றுக்கிழமை காலையில் அடுப்பை மூட்டினேன். பதினெட்டு அகப்பையையும் கீழே இறக்கி, ஒவ்வொன்றின் காம்பிலும் அரிவாள்மனையில் ஒரு சீவல் சீவித் தீயில் போட்டேன். ஒன்று மஞ்சளாக எரிந்தது. இரண்டு, மஞ்சள். சாண் அகப்பை, அதுவும் மஞ்சள். பதினெட்டும் விறகு எரிகிற மாதிரியே எரிந்தன. ஒன்றில்கூடப் பச்சை வரவில்லை. வரவில்லையே என்று சந்தோஷப்படப் போனேன். அப்போதுதான் மிச்சம் இருக்கிற ஒன்று எங்கே இருக்கிறது என்று உறைத்தது. மறுநாள் காலையிலேயே போன் செய்தேன். எல்லாவற்றிலும் வழவழப்பானது அதுதான் என்று நீ சொன்னாய்.

என் கை போனதும் அதன்மேல்தான். கவிதாவின் கை போனதும் அதன்மேல்தான்.

பயப்படாதே. கம்பெனியில் அப்பாவோடு வேலை பார்த்த பெரியவர் ஒருவரிடம் விஷயத்தைச் சொல்லாமல் சுற்றி வளைத்துக் கேட்டேன். "இத்தன வருசம் கழிச்சா? ஒண்ணும் மிஞ்சியிருக்காது மதினி, இருந்தாலும் வாயில வைக்காதீக" என்றார். அதனால் நீ செய்ய வேண்டியது இதுதான். அகப்பையை நான் சொன்ன மாதிரி எட்ட வை. கவிதாவை அவள் பார்க்கிற டாக்டரம்மாவிடம் கூட்டிக்கொண்டு போய், பச்சை மத்தாப்புக்குப் போடுகிற மருந்து பட்ட கட்டையில் இத்தனை நாள் சமைத்தோம் என்று ஒளிக்காமல் சொல். என் மாமியார் செய்த கூத்து என்று கவிதா சொன்னாலும் பரவாயில்லை, சொல்லிவிடுங்கள். இன்னொன்று. அதை நீ கொளுத்திப் பார்க்கக்கூடாது. உனக்கு ஆசை வரும், எனக்குத் தெரியும். சின்னப் பிள்ளையில் பார்த்தது. மஞ்சளாக எரிந்தால் அது வெறும் கட்டை, அவர் ஒரு வருஷம் இரண்டு செய்திருப்பார், அவ்வளவுதான். பச்சையாக எரிந்தால் அந்த வெளிச்சத்தை உன் பெண்டாட்டியும் வயிற்றுப் பிள்ளையும் இருக்கிற வீட்டில் நீ பார்க்க வேண்டாம். நான் பார்த்தது போதும்.

மாரி செத்தது அந்தக் கட்டையாலா, இல்லை மழைக்காலப் பேதியாலா என்று எனக்கு நிச்சயமாகத் தெரியாது. யாருக்கும் தெரியாது. பேதிதான் என்று சில நாள் நம்புவேன், அன்றைக்குத் தூக்கம் வரும். ஆனால் பிள்ளைத்தாய்ச்சி கையில் அந்தச் சின்ன அகப்பையைப் பார்த்தபோது நான் கண்டது கவிதாவை இல்லை. பிடுங்கியது அவளிடம் இருந்தும் இல்லை. இதை அவளுக்குப் புரிகிற மாதிரி எப்படிச் சொல்வது என்று தெரியாமல்தான் இத்தனை தாளை வீணாக்கியிருக்கிறேன். அவள் உன்னிடம், உங்கம்மாவுக்கு நான் இந்த வீட்டுச் சாமானைத் தொடுவதே பிடிக்கவில்லை என்று சொல்லியிருப்பாள். அவள் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

உன் அப்பா இருந்தபோதே நான் அவளிடம் சொல்லி வைத்திருந்தேன், ஆறாம் மாதம் வந்து கூட இருந்து வாய்க்கு ருசியாகப் பொங்கிப் போடுகிறேன் என்று. ஆறாம் மாதம் பிறந்துவிட்டது. அந்த அகப்பையை வாங்க நான் எப்படியும் வர வேண்டும், அதைத் தபாலில் அனுப்ப வேண்டாம். அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை காலை பஸ்ஸில் மதுரை வந்து அங்கிருந்து கோயம்புத்தூர் பஸ் ஏறுகிறேன். அதற்குள் இந்தக் கடிதம் உன் கைக்கு வந்துவிடும். நீ படித்து முடித்ததும் ஒரு வரி விடாமல் கவிதாவைப் படிக்கச் சொல். நான் பெற்ற பிள்ளைக்கு என் கையால் என்ன கொடுத்தேன் என்பது அவளுக்குத் தெரிய வேண்டும். தெரிந்த பிறகு, தன் பிள்ளைக்காக நான் அடுப்படிக்குள் வரலாமா என்று அவள் சொல்லட்டும். அவளுக்காக நீ சொல்லக்கூடாது. வேண்டாம் என்றால் நான் படியேற மாட்டேன், அந்தத் துணிச்சுருளை மட்டும் வெளியே கொண்டுவந்து கொடு, அதே பஸ்ஸில் திரும்பிவிடுவேன், மனசில் ஒன்றும் வைத்துக்கொள்ள மாட்டேன். வா என்றால், வந்து அவள் காட்டுகிற கரண்டியை எடுத்து, அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கிண்டி, முதலில் நான் ஒரு வாய் தின்றுவிட்டு அப்புறம் அவளுக்குப் போடுகிறேன்.

உன் அம்மா